ஆளில்லாத முளைப்பாரி

நான் பயந்தாங்கொள்ளி இல்லை. விதை வீட்டுச் சாக்குகளுக்கு நடுவில் விரியன் சுருண்டு கிடந்த அன்று, ஆம்பிளைகள் அத்தனை பேரும் வாசலில் நின்று யோசனை சொல்லிக்கொண்டிருக்க, கம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள் நான்தான். அப்படிப்பட்ட எனக்கு ஒரு பங்குனி மாதம், பட்டப்பகலில், ஒரு மண்சட்டிக்குள் கையை விட்டு எடுத்த பிறகு கை வெடவெடவென்று நடுங்கியது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகும் பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி, கண்மாய்க் கரையோடு நடந்தால் எங்கள் ஊர். வானம் பார்த்த கரிசல். ஊர்ப் பெண்கள் சங்கமாகச் சேர்ந்து, பூட்டிக் கிடந்த பழைய பால்வாடிக் கட்டடத்தைக் கேட்டு வாங்கி விதை வீடாக்கியிருக்கிறோம். குதிரைவாலி, வரகு, இருங்குச் சோளம், நாட்டுக் கம்பு என்று இந்த மண்ணில் விளைந்ததையெல்லாம் சேர்த்து வைப்பதும், முளைக்கிறதா என்று பார்ப்பதும், கேட்டவர்களுக்கு அளந்து கொடுப்பதும் என் வேலை. என் அம்மா காலமெல்லாம் அடுத்தவர் காட்டில் களை வெட்டியவள். விதை எந்த வீட்டில் இருக்கிறதோ அந்த வீட்டு வாசலில்தான் ஊர் போய் நிற்கும் என்பதை அவள் சொல்லித் தெரிந்துகொள்ளவில்லை நான், பக்கத்தில் நின்றே தெரிந்துகொண்டேன்.

எங்கள் தெருவில் ஒருவர் இருந்தார். எனக்கு முறையில் அண்ணன். அவரிடம் ஒரு தட்டாம்பயறு இருந்தது. பாதி வெள்ளை, பாதி கறுப்பு, இரண்டும் சேருகிற இடத்தில் ஒரு கண். உள்ளங்கையில் வைத்தால் அது நம்மைப் பார்க்கும். ஒரே ஒரு மழையை வைத்துக்கொண்டு காய்த்துவிடும் பயறு அது. மற்றவர்கள் எல்லாம் மக்காச்சோளத்துக்கு மாறிவிட்ட பிறகும் அவர் அதை விடவில்லை. யார் கேட்டாலும் ஒரு கை அள்ளிக் கொடுப்பார். விளைந்ததும் இரண்டு கையாகத் திருப்பித் தர வேண்டும், காசுக்கு விற்கக் கூடாது, அவ்வளவுதான். பைக்கில் வந்த எவனோ ஒருவன் தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு விதையும் கேட்டான். அவனுக்கும் கொடுத்தார்.

என் விதை வீட்டுக்கு மட்டும் கொடுக்க மாட்டேன் என்று நின்றார்.

"பாட்டில்ல போட்டு மூடுனா மூச்சுமுட்டிச் செத்துப்போகும்மா. மண்ணுல போடு. இல்லாட்டி தின்னுரு."

"உங்களுக்கு ஒண்ணு ஆயிப்போச்சுன்னா?"

"ஆனா என்ன, முளைச்சு வாரேன் போ."

இப்படித்தான் பேசுவார் மனுசன். சண்டை போட்டு ஒரு பாட்டில் வாங்கி வைத்தேன்.

அந்தப் பயற்றுக்கு அவருடைய தாத்தாவின் பெயர்தான் பெயர். தாத்தா பெயரைத்தான் பேரனுக்கும் வைத்திருந்தார்கள். அதனால் அவர் மனைவி, என் மதினி, அந்தப் பயற்றின் பெயரைச் சொன்னதே இல்லை. புருசன் பெயரை எப்படி வாய்விட்டுச் சொல்வது? "அவுக பயறு" என்பாள். "இந்தா, அவுக காஞ்சுபோயிருக்காக, உள்ள அள்ளிப் போடு" என்று பயற்றையே மரியாதையோடு சொல்வாள். நாங்கள் சிரித்துக் கேலி செய்வோம்.

அந்தப் பங்குனிக்கு முந்தின கார்த்திகையில் அண்ணன் இறந்துபோனார். காலையில் பயற்றுக் காட்டுக்குக் காவலுக்குப் போனவர் வெயில் ஏறியும் திரும்பவில்லை. மதினியும் நானும்தான் தேடிப் போனோம். பனையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மயிலுக்குக் கல் எறிகிற கவண் மடியில் இருந்தது. அவரைச் சுற்றி மயில்கள் நின்று நிதானமாகக் காய் கொத்திக்கொண்டிருந்தன. ஒன்று அவர் காலடியிலேயே நின்றது. நாங்கள் கிட்டப் போன பிறகும் பறக்கவில்லை, சும்மா விலகி நின்றது. அதைப் பார்த்துத்தான் மதினிக்கு விஷயம் புரிந்தது. காவலுக்கு ஆளில்லாத காட்டை மயிலும் பன்றியும் சேர்ந்து முடித்துவிட்டன. அந்த வருடம் வீடு வந்து சேர்ந்த மணி ஒன்றுகூட இல்லை.

மாசியில் அருப்புக்கோட்டைக்குப் போயிருந்தபோது விதைக் கடையில் புதிதாக ஒரு பாக்கெட் தொங்குவதைப் பார்த்தேன். வறட்சி தாங்கும் பயறு, புதுக் கண்டுபிடிப்பு என்று போட்டிருந்தது. எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம். வாங்கிக் கடை வாசலிலேயே பிரித்தேன். மருந்து பூசின ரோஸ் நிறப் பயறு. எச்சில் தொட்டுத் தேய்த்தேன். நிறம் போன இடத்தில் பாதி வெள்ளை, பாதி கறுப்பு. கண் என்னையே பார்த்தது. அடப்பாவிகளா என்று அங்கேயே சத்தம் போட்டுவிட்டேன். கடைக்காரர் பயந்துபோனார்.

விவசாய ஆபீஸில் தெளிவாகச் சொன்னார்கள். உழவர் ரகம் என்று அந்த வீட்டின் பெயரிலேயே பதிவு செய்ய வழி இருக்கிறது. ஆனால் வாயால் சொன்னால் போதாது. அந்த வீட்டிலிருந்தே வந்த உயிருள்ள விதை வேண்டும், செடியாக நின்று காய்த்துக் காட்ட வேண்டும். இல்லையென்றால் பாக்கெட்காரன் சொன்னதுதான் நிற்கும். தாத்தா காலத்திலிருந்து அந்த வீடு ஊருக்குக் கொடுத்த விதையை, மதினி இனிக் கடையில் போய்க் காசுக்கு வாங்க வேண்டியதுதான்.

ஓடி வந்து என் பாட்டிலைத் திறந்தேன். ஈரச் சாக்கில் பரப்பி, சுருட்டி வைத்து, நாள் கழித்துப் பிரித்தேன். எல்லாம் அழுகி நாறியது. ஒரு கண்கூடத் திறக்கவில்லை. மூச்சுமுட்டிச் செத்துப்போகும் என்று அவர் சொன்னது காதில் கேட்டது. உள்ளபடியே கேட்டது என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அன்றைக்கு நான் விதை வீட்டைச் சீக்கிரமே பூட்டிவிட்டேன்.

முன்பு அவரிடம் வாங்கிப் போன வீடுகளிலும் கேட்டுப் பார்த்தேன், யாரிடமும் இல்லை. மிச்சம் இருந்தது மதினி வீட்டில் தானியம் கொட்டி வைக்கிற மண்குலுக்கையின் அடியில் கிடந்த முந்தின வருடத்துப் பயறுதான். கேட்கப் போனேன். முறத்தில் போட்டுப் புடைத்துக்கொண்டிருந்தாள். முக்கால்வாசி வண்டு துளைத்தது. நல்ல மணியாக ரெண்டு கையளவு ஒதுங்கியிருந்தது.

"குடு மதினி. நான் பதமாப் பாத்து முளைக்க வச்சிர்றேன்."

"உன் சாக்குல ஒண்ணுகூட முளைக்கலையாமே?"

"அது பழசு. இது அப்படி இல்ல."

"இதும் முளைக்கலைன்னா? அதையும் நீ வந்து எங்கிட்ட சொல்லுவ. நான் கேக்கணும். ஒரு தடவ செத்தது போதாதா?" முறத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். "பங்குனிப் பொங்கல் முடியட்டும். அப்பறம் வா."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் போன வழியே திரும்பிவிட்டேன்.

பங்குனிப் பொங்கலுக்கு எங்கள் ஊரில் முளைப்பாரி போடுவோம். பெண்கள் வீடு வீடாகப் போய்ப் பயறு வாங்கி வருவார்கள். எருவும் வைக்கோலும் போட்ட மண்சட்டிகளில் விதைத்து, ஊர்ப்பொது வீட்டின் உள்ளறையில் வைத்துக் கதவைச் சாத்திவிடுவோம். வெளிச்சம் படக் கூடாது. விரதம் இருக்கிற ஒரு அக்கா மட்டும் தலைமுழுகி, ஈரச் சேலையோடு, வாய் பேசாமல் உள்ளே போய்த் தண்ணீர் தெளிப்பாள். சாயங்காலம் நாங்கள் வெளியே கும்மி கொட்டுவோம். உள்ளே இருட்டில் பயிர் வெளுப்பாக வளரும். பொங்கல் முடிந்த மறுநாள் அவரவர் சட்டியை அவரவர் தலையில் ஏற்றிக் கண்மாயில் கரைப்போம். கரைத்தவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. சாமிக்கு என்று போனதைத் திரும்பக் கேட்கக் கூடாது.

சாவு விழுந்த வீட்டில் வருடம் திரும்புகிறவரை முளைப்பாரிக்குப் பயறு வாங்க மாட்டார்கள். நாங்கள் ஓலைப்பெட்டியோடு தெருவில் போனபோது மதினி வாசலில் நின்றிருந்தாள். கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள். யாரும் நிற்கவில்லை. நானும்தான்.

கதவு சாத்திய நாலைந்து நாளில் விரதக்கார அக்கா என்னைத் தேடி விதை வீட்டுக்கு வந்தாள். உச்சி உருமம். தெருவில் ஒரு நாய்கூட இல்லாத நடுப்பகல் நேரம். முகம் வெளிறிக் கிடந்தது.

"ஏத்தா, நீதான் முளைப்பு பாக்கிறவ. வந்து பாரு. சட்டி ஒண்ணு கூடுது."

"எண்ணிக்கையைத் தப்பா விட்டுருப்பீக."

"சாத்துறப்ப ஆளுக்கு ஒண்ணா எண்ணித்தான் வச்சேன். சாவி என் இடுப்புலதான் கெடக்கு. ஒண்ணு கூடுது. அது மட்டும் தனியா வளருது. நான் பயந்து அதுக்குத் தண்ணி ஊத்தல. ஆனா எப்பத் தொட்டாலும் ஈரமா இருக்கு."

நான் குளித்துவிட்டு ஈரச் சேலையோடு அவள் பின்னால் போனேன். கதவைத் திறந்ததும் பச்சை வாசமும் எருவின் சூடும் முகத்தில் வந்து மோதின. இருட்டு என்றால் அப்படி ஒரு இருட்டு, வெளியே கொளுத்துகிற வெயிலுக்கு அது இன்னும் கெட்டியாகத் தெரிந்தது. அக்கா என் கையைப் பிடித்து ஒவ்வொரு சட்டியாகத் தொட வைத்தாள். கடையில் வாங்கின பயறுதான் பாதி வீடுகளில் கொடுத்திருந்தார்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாக, விரல் உயரத்துக்குத்தான் முளைத்திருந்தது. பிறகு மூலையில் இருந்த சட்டியில் என் கையை வைத்தாள்.

முழங்கை வரைக்கும் பயிர் இருந்தது. நெருக்கமாக, குளிர்ச்சியாக. கையை உள்ளே விட்டதும் தண்டுகள் எல்லாம் மணிக்கட்டைச் சுற்றிச் சாய்ந்தன. கட்டிக்கொண்டன என்றுதான் சொல்ல வருகிறது. காற்று புகாத அறை அது. ஒரு முளையின் நுனியில் தோல் இன்னும் கழலாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைக் கிள்ளி எடுத்துக்கொண்டு வெளியே வந்து வெயிலில் விரித்துப் பார்த்தேன். பாதி வெள்ளை, பாதி கறுப்பு, நடுவில் கண். முளைச்சு வாரேன் போ என்று சொன்ன மனுசனின் சிரிப்பு ஞாபகம் வந்தது. அப்போதுதான் கை நடுங்கியது.

ஈரச் சேலையோடு மதினி வீட்டுக்கு ஓடினேன். முறம் சுவரில் தொங்கியது. பயறு இல்லை.

"எங்க மதினி பயறு?"

"சாமிக்குக் குடுத்துட்டேன்."

"அம்புட்டையுமா? ஒரு பிடியாச்சும் எடுத்து வைக்கலையா?"

"சாமிக்குன்னு முடிஞ்சதுல கைய விட்டு எடுப்பாகளா?" என்று என்னையே அதட்டினாள். "நீங்கதான் என்னைத் தாண்டிப் போனீகளே. அவுக இருந்தப்ப ஒரு வருசம் குடுக்காம இருந்துருக்கமா? மஞ்சத்துணில முடிஞ்சு அந்த வீட்டு வாசப்படியில வச்சுட்டு வந்தேன். முளைக்கணும்னு இருந்தா அந்த இருட்டுலயும் முளைப்பாக. இல்லாட்டி இல்ல."

"படியிலயா வச்ச? சட்டியில விதைச்சு உள்ள வச்சது யாரு?"

மதினி என்னைப் பார்த்தாள். "அக்காதான் எடுத்து வச்சிருப்பான்னு நெனச்சேன்."

அக்கா இல்லை. அம்மன் மேல் சத்தியம் செய்தாள், அவள் பொய் சொல்கிற ஆளும் இல்லை. கும்மி கொட்ட வந்தவர்களில் யாரோ ஒருத்தி மனசு பொறுக்காமல் செய்துவிட்டு, தீட்டு விதையைத் தொட்ட பேச்சு வருமே என்று வாயை மூடிக்கொண்டிருக்கிறாள் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். சாவி எப்படிக் கிடைத்தது, தண்ணீர் யார் ஊற்றியது என்று என்னிடம் கேட்காதீர்கள்.

எனக்கு அப்போது தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். உலகத்தில் மிச்சம் இருக்கிற அந்த வீட்டு விதை முழுவதும் அந்தச் சட்டியில் முளைத்து நிற்கிறது, பொங்கல் முடிந்ததும் தண்ணீரில் கரையப் போகிறது. அக்காவிடம் கெஞ்சினேன். "இந்த ஒண்ணை மட்டும் எடுத்துக் குடு. வெளிச்சத்துல கொஞ்சங் கொஞ்சமாப் பழக்கி நட்டுர்றேன்." அவள் காதைப் பொத்திக்கொண்டாள். உள்ளே போன சட்டி தலையில் ஏறித்தான் வெளியே வரும், கண்மாய்க்குத்தான் போகும், ஊருக்கு ஒன்று ஆகிப்போனால் நீயா பதில் சொல்வாய் என்றாள். எனக்கு அழுகை அழுகையாக வந்தது. படித்துப் படித்துச் சொல்லி, விதை வீடு கட்டி, பாட்டில் பாட்டிலாக அடுக்கி என்ன பிரயோசனம்?

கரைக்கிற அன்று மத்தியானம் சட்டிகளை வாசலுக்கு எடுத்து வைத்தார்கள். வெளிச்சத்தில் பார்த்ததும் பெண்கள் எல்லோரும் ஒரு எட்டுப் பின்னால் போனார்கள். அந்தச் சட்டியின் பயிர் மற்றதையெல்லாம் விட உயரமாக, மஞ்சள் வெளுப்பாக, ஒரே பக்கமாக எங்கள் தெருவைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. கொட்டு முழங்கியது. ஆளுக்கொன்றாகத் தலையில் ஏற்றிக்கொண்டோம். அது மட்டும் தரையில் நின்றது. அதைத் தூக்க ஆள் இல்லை.

கொட்டுக்காரர்களும் நிறுத்திவிட்டார்கள். ஒரு சட்டி பின்தங்கினால் ஊர்வலம் நகரக் கூடாது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. என் தலையில் என் சட்டி கனத்தது. தெருக்கோடியில், சாவு வீட்டுக்காரி நிற்க வேண்டிய தூரத்தில், மதினி நின்றிருந்தாள். அங்கிருந்து நடக்கத் தொடங்கினாள். வேகமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை. ஒருவர் வாயிலிருந்தும் வேண்டாம் என்ற சொல் வரவில்லை. குனிந்து, சட்டியைத் தூக்கித் தலையில் வைத்து, எங்களுக்கு முன்னால் போனாள். பயிர் அவள் முகத்தின் மேல் கவிழ்ந்து கண்ணை மறைத்தது. தடுமாறவே இல்லை.

கண்மாய்க்குள் மடையை ஒட்டி மட்டும் குட்டையாகக் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது. ஒவ்வொருத்தியாகச் சட்டியைக் கவிழ்த்துவிட்டுக் கரையேறினோம். திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். முதுகுக்குப் பின்னால் தொப், தொப் என்று ஒவ்வொரு சட்டியாக விழுகிற சத்தம். முன்னால் வந்தும் கடைசியாக நின்றவள் மதினி. அவள் சட்டி விழுகிற சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நடந்தேன். கரை முடிந்தது, ஆலமரத்தைத் தாண்டினேன், தெரு வந்தது. அந்தச் சத்தம் கேட்கவே இல்லை. கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

மறுநாள் உச்சி உருமத்தில், பேய் பிசாசு எதுவானாலும் பார்த்துவிடுவோம் என்று கண்மாய்க்குப் போனேன். கரை மேல் மயில்கள் வரிசையாக நின்றன. ஒன்றும் சத்தம் போடவில்லை, ஒன்றும் கீழே இறங்கவில்லை. எல்லாம் குட்டையையே பார்த்துக்கொண்டிருந்தன. குட்டையின் ஓரச் சேற்றில், அண்ணன் விதைக்கிற அதே சாண் இடைவெளியில், பயிர் நட்டிருந்தது. ஒவ்வொன்றுக்கும் மேலே ஆவாரங்கொப்பு குத்தி நிழல் வைத்திருந்தது. நடுவில் மதினி உட்கார்ந்திருந்தாள். மடியில் அவர் கவண்.

"கரைக்காம விட்டுட்டியா மதினி?" என்றேன்.

"தண்ணிக்குள்ளதான் விட்டேன். ஒண்ணொண்ணா விட்டேன்," என்றாள். "தண்ணி வத்திப்போனா அதுக்கு நானா பொறுப்பு?"

விஷயம் ஊருக்குத் தெரிந்து விரதக்கார அக்கா கரையில் வந்து நின்றாள். என்ன சொல்லப் போகிறாளோ என்று நான் மதினி பக்கத்தில் போய் நின்றேன். வரிசை வரிசையாகப் பயிரைப் பார்த்தாள். "கண்மாய்க்குள்ளதான இருக்கு. சாமி எடத்துலதான இருக்கு," என்று சொல்லிவிட்டு, இறங்கி வந்து ஒரு கொப்பைச் சரியாகக் குத்திவிட்டுப் போனாள். பாதிப் பயிர் வெயிலில் சுருண்டு செத்தது. மீதி பச்சை பிடித்தது. சித்திரையில் ஒரு கோடை மழை விழுந்தது. அந்தப் பயற்றுக்கு ஒரு மழை போதும்.

முதல் பறிப்பு வந்த வாரம், பதிவு வேலையாக ஆபீஸர் ஒருவர் ஜீப்பில் வந்தார். செடியைக் கண்மாயில் நின்று பார்த்தார். காயைப் பிதுக்கிக் கண்ணைப் பார்த்தார். பிறகு விதை வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். முந்தின நாள் தூறல் விழுந்திருந்ததால் காய்களை உள்ளே பாயில் பரப்பியிருந்தேன். தொட்டால் பிசுபிசுத்தது. இன்னும் ரெண்டு மூணு வெயில் காய வேண்டும்.

"ரகத்தோட பேரு என்னம்மா?" என்றார் மதினியிடம்.

நான் சொல்ல வாயெடுத்தேன்.

"நீங்க இல்லம்மா. விதை யார் வீட்டுதோ அவுங்கதான் சொல்லணும்."

மதினி என் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்த இருட்டறையில் பயிர் சுற்றிக்கொண்ட அதே இடம். அவள் உதடு அசைவதைப் பார்த்தேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த வாயிலிருந்து வராத பெயர், கார்த்திகையில் மாரடித்து அழுதபோதுகூட வராத பெயர். அதை நான் இங்கே எழுத மாட்டேன், அது அவள் சொல்ல வேண்டியது. சொன்னாள். காற்றாகத்தான் வந்தது.

பாயில் ஒரு காய் படக்கென்று வெடித்தது.

ஈரக்காய் வெடிக்காது. இந்த வேலையில் எனக்குத் தெரிந்தது அவ்வளவாவது உண்டு. மதினியின் பிடி இறுகியது. ஆபீஸருக்கு ஒன்றும் தெரியவில்லை, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "சரியா விழலம்மா, இன்னொரு தடவ சொல்லுங்க" என்றார்.

மதினி என் கையை விட்டாள். பாயைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்.